மழை, லீவு, கொலு, கணக்கு: ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரைக்கும், அதாவது புரட்டாசிக் கடைசி, ஐப்பசி, கார்த்திகை முழுக்க, கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளிக்கூடம் நடப்பதைவிட லீவு விடுவதுதான் அதிகமோ என்று தோன்றும். கொலு, ஆயுத பூசை, தீபாவளி, அப்புறம் மழை. இந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு மறந்துபோகாமல், அதே சமயம் வீட்டில் அழுகையும் கத்தலும் இல்லாமல் என்ன செய்யலாம் என்று பெற்றோர் பள்ளி வாசலில் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறேன் என்பதால் பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்துதான் இருக்கும்.

லீவு நாளில்கூடக் கணக்கா? பாவம் இல்லையா பிள்ளை?

பாவம்தான், நீங்கள் நோட்டை விரித்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால். நான் சொல்வது அது இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்கு மூன்று பருவம்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் ஏப்ரல். இதில் நடுப்பருவத்தில்தான் லீவு அதிகம் விழுகிறது, அதனால் முதல் பருவத்தில் படித்தது நழுவுவதும் இங்கேதான். கடன் வாங்கிக் கழிப்பது, வாய்ப்பாடு, மீதி வரும் வகுத்தல், இந்த மூன்றும் கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் போய்விடும். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் கணக்கு காதில் விழுந்தால் போதும். மிச்ச நேரம் அவர்கள் விளையாடட்டும்.

நெட்டில் இறக்கும் பயிற்சித் தாள்களில் பூசணிக்காயும் ஆப்பிளும் சிவப்பு இலையுமாக இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

தாராளமாக. அவை பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. அங்கே செப்டம்பர் கடைசியிலிருந்து மரங்கள் நிறம் மாறி இலை கொட்டும், அக்டோபர் 31 ஹாலோவீனுக்குப் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பார்கள், நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி நாள் விருந்து. அதனால் எல்லாக் கணக்கிலும் பூசணி, இலை, வான்கோழி. பூசணிக்காய் நமக்கும் பழக்கம்தான், ஆயுத பூசைக்கு ரோட்டில் உடைப்பது சாம்பல் பூசணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கணக்கு புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் கணக்கில் வரும் பொருள் புரியாததுதான். "ஒரு கூடையில் 14 ஏக்கார்ன், அணில் 6 எடுத்தது" என்று இருந்தால் பிள்ளை அந்த ஏக்கார்னிலேயே (ஓக் மரத்துக் கொட்டை) நின்றுவிடும். அந்த இடத்தில் முந்திரிக்கொட்டை என்று பேனாவால் மாற்றி எழுதிவிடுங்கள், பண்ருட்டிப் பக்கம் தெரியாத பிள்ளையா இருக்கிறது.

சிவப்பு இலை வேண்டுமென்றால் வாதாமரம் இருக்கிறது. உதிர்வதற்கு முன்னால் அதன் இலை நன்றாகச் சிவக்கும், கடற்கரை ஊர்களில் தெருவுக்கு ஒரு மரமாவது நிற்கும். ஒரு பை நிறையப் பொறுக்கிவரச் சொல்லுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று பிரித்து அடுக்கி, ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணி, எது அதிகம், எவ்வளவு அதிகம் என்று கேட்டால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அது ஒரு முழுப் பாடம். பெரிய பிள்ளை என்றால் இலையைக் கட்டம் போட்ட தாளில் வைத்து ஓரம் வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணட்டும். பாதிக்கு மேல் இருக்கும் கட்டத்தை ஒன்றாகவும், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிட்டும் எண்ணினால் இலையின் பரப்பளவு ஓரளவு வந்துவிடும். பரப்பளவு என்றால் நீளம் பெருக்கல் அகலம் என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது நல்ல அதிர்ச்சி.

டீச்சர், கொலு வைக்கும் வீடுகளில் என்ன கணக்கு செய்யலாம்?

படியே ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள்: 3, 5, 7, 9. ஏன் 4 இல்லை, 6 இல்லை என்று பிள்ளையே கேட்கும். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பாடம் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. எண்ணுவதற்கு முன்னால் குத்துமதிப்பாக ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள், "மொத்தம் எத்தனை பொம்மை இருக்கும்?" வீட்டில் எல்லாரும் ஆளுக்கு ஒரு எண் சொல்லிவிட்டு அப்புறம் எண்ண வேண்டும், யார் எண் பக்கத்தில் வருகிறதோ அவருக்கு முதல் சுண்டல். குத்துமதிப்பு என்பதைப் பள்ளியில் கடைசிப் பாடமாகத் தள்ளிவிடுகிறோம், ஆனால் போட்ட விடை சரியா என்று சந்தேகப்படும் புத்தி அதிலிருந்துதான் வரும்.

சுண்டலிலும் கணக்கு இருக்கிறது. ஒரு டம்ளர் கொண்டைக்கடலை ஊறவைத்தால் காலையில் எத்தனை டம்ளர்? பிள்ளையையே அளக்கவிடுங்கள். பதினைந்து பேருக்கு ஒரு கரண்டி வீதம் வேண்டுமென்றால் எவ்வளவு ஊறவைக்க வேண்டும் என்று மறுநாள் அதுவே சொல்லும்.

ஆயுத பூசைக்குப் பொரி வாங்கும்போது சில கடைகளில் இன்னும் படியில் அளந்து போடுவார்கள், பிள்ளையைக் கூட்டிப்போய் அதைப் பார்க்க வையுங்கள். பரணில் பாட்டியின் பழைய படி, உழக்கு கிடந்தால் எடுத்துக் கழுவுங்கள். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. அதாவது ஒரு படிக்கு 8 ஆழாக்கு. அரை, கால், அரைக்கால் மூன்றும் கையில் பிடித்துப் பார்க்கிற பொருளாகவே இருக்கிறது. பின்னம் என்றாலே வட்டம் போட்டுப் பீட்சா வெட்டுவது என்றாகிவிட்டது. அரிசியைக் கொட்டி அளந்து பார்த்த பிள்ளைக்கு இரண்டு கால் சேர்ந்தால் அரை என்பதில் குழப்பமே வராது.

சரஸ்வதி பூசை அன்று புத்தகம் பூசையில் இருக்கும், தொடக்கூடாது. அன்றைக்குக் கணக்கு கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் சட்டப்படி விடுதலை, அதையும் பிடுங்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் கொலு வைப்பதில்லை. என்ன செய்வது?

பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போய் எண்ணிவிட்டு வாருங்கள். சுண்டலும் கிடைக்கும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கீழே மழைக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொது.

மழை லீவு விட்டால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். போனைத் தவிர வேறு ஏதாவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மழையையே அளக்கச் சொல்லுங்கள். நம் ஊர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை செய்திகளில் தினமும் "கடலூரில் இத்தனை சென்டிமீட்டர், புதுச்சேரியில் இத்தனை" என்று சொல்கிறார்கள், அந்தச் சென்டிமீட்டர் எதனுடையது என்று பெரியவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பெய்த மழை ஓடாமல் சமதளத்தில் அப்படியே நின்றால் தண்ணீர் எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான் அது.

ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் கழுத்துக்குக் கீழே வெட்டுங்கள் (வெட்டுவது நீங்கள், பிள்ளை இல்லை). வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகத் திருப்பிப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். குளிர்பான பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு அதைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து மேலே ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். பாட்டிலின் பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், நடுவில் ஒடுங்கிய பாட்டில் ஆகாது. மொட்டை மாடியில் மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் நான்கு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்துங்கள். வானிலை ஆய்வு மையம் காலை 8:30-க்கு 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கும், நீங்களும் அதே நேரத்துக்குப் பார்த்து எழுதிவிட்டு, பூஜ்ஜியக் கோடு வரை தண்ணீரைக் குறைத்து வையுங்கள். மறுநாள் பேப்பரில் வரும் அளவோடு ஒப்பிடலாம். பேப்பரில் சென்டிமீட்டர் இருக்கும், உங்கள் ஸ்கேலில் மில்லிமீட்டர் இருக்கும், பத்தால் பெருக்கவும் வகுக்கவும் அங்கேயே காரணம் கிடைத்துவிடுகிறது. இரண்டு அளவும் பொருந்தாமல் போனால் மகிழ்ச்சி. கடலூருக்குள்ளேயே மழை மஞ்சக்குப்பத்தில் கொட்டிவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் சும்மா இருக்கும், இதைப் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அடுத்த படி உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். 540 சதுர அடி மொட்டை மாடி என்றால் ஏறக்குறைய 50 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு அந்த மாடியில் 500 லிட்டர் விழுந்திருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதே மாடியில் 22,500 லிட்டர்! ஆயிரம் லிட்டர் டேங்க் இருபத்திரண்டு நிறைந்து இருபத்து மூன்றாவதும் பாதி. தெருவில் ஏன் அவ்வளவு தண்ணீர் நின்றது என்று அன்றைக்குப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தப் பெருக்கல் உடனே விளங்கும்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் மாடிக்குப் போகவே வேண்டாம், பாட்டிலை முந்தின நாளே உள்ளே எடுத்துவிடுங்கள்.

புயல் கூண்டு எண் பற்றி மகன் கேட்டான், 10-ம் எண் 5-ம் எண்ணைப் போல இரண்டு மடங்கா என்று. என்ன சொல்ல?

அருமையான கேள்வி, அவனைத் தட்டிக்கொடுங்கள். இல்லை என்பதுதான் பதில். கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு 1 முதல் 11 வரை. 1, 2 என்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கே வரும் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 அதே மாதிரி, ஆனால் கடும் புயலுக்கு. 11 வந்தால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஆக இந்த எண்களைக் கூட்டவோ பெருக்கவோ முடியாது, பஸ் நம்பர் மாதிரி. எந்த எண்ணில் கணக்கு போடலாம், எந்த எண் வெறும் பெயர் என்று பிரித்துப் பார்ப்பது பெரிய வகுப்பில்கூடத் தடுமாறும் விஷயம். வீட்டில் வேறு எந்த எண்கள் வெறும் பெயர் என்று தேடச் சொல்லுங்கள்: போன் நம்பர், கதவு எண், கிரிக்கெட் வீரர் சட்டையில் இருக்கும் எண்.

கரண்ட் போய்விட்டால்?

அப்போதுதான் தாயக்கட்டைக்கு நேரம். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம் போட்டால்தானே காய் இறங்கும், "எனக்கு மட்டும் தாயமே விழ மாட்டேங்குது" என்று அழாத பிள்ளை உண்டா? அழுகை முடிந்ததும் ஒரு தாளை எடுங்கள். முதல் கட்டையில் நான்கு வாய்ப்பு, இரண்டாவதில் நான்கு, மொத்தம் 16. கட்டம் போட்டு நிரப்பினால் தாயம், அதாவது ஒன்று, 2 வழியில் விழும், இரண்டு 3 வழியில், மூன்று 4 வழியில், நான்கு 3 வழியில், ஐந்து 2 வழியில், ஆறு ஒரே வழி, பன்னிரண்டும் ஒரே வழி. அதிகம் விழுவது மூன்று. ஆறும் பன்னிரண்டும் ஏன் அரிது என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும். நிஜத்தில் உருட்டி எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் மாறித்தான் வரும், பழைய பித்தளைக் கட்டை தேய்ந்திருக்கும், எல்லா முகமும் ஒரே மாதிரி விழாது.

பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை என்றால் 70. (சில வீடுகளில் ஆறு போடுவார்கள், அப்போது எத்தனை?) ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது எங்கே முடியும், அடுத்த குழி காலியாக இருக்குமா என்று முன்கூட்டியே எண்ணுகிற பிள்ளைதான் ஜெயிக்கும். ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குத் தன் பக்கக் குழிகளை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். ஒருவரிடம் 38, இன்னொருவரிடம் 32 என்று வைத்துக்கொள்வோம். 38-க்கு ஏழு குழியும் நிறைந்து 3 மீதி. 32-க்கு ஆறு குழி நிறைந்து 2 மீதி, ஒரு குழி காலி. மீதி வரும் வகுத்தல் இதுதான்.

பரமபதம், ஆடு புலி ஆட்டம் எல்லாம்கூட ஆடலாம். 3 புலி, 15 ஆடு. அதில் கூட்டல் கழித்தல் கிடையாது, ஆனால் இரண்டு நகர்த்தல் முன்னால் யோசிக்கும் பழக்கம் வரும், கணக்குக்கு அதுவும் வேண்டும்.

பெண் கோலம் போடப் பழகுகிறாள். அதில் கணக்கு உண்டு என்கிறார்களே?

நிறைய உண்டு, பையன்களுக்கும் கற்றுக்கொடுங்கள். மழை நாளில் வாசலில் நிற்காது, சிலேட்டிலோ தாளிலோ போடட்டும். "5 புள்ளி, இடைப்புள்ளி, 3-ல் நிறுத்தவும்" என்றால் நடுவில் 5, மேலும் கீழும் 4, 4, அப்புறம் 3, 3. மொத்தம் 19. "7 புள்ளி, 4-ல் நிறுத்தவும்" என்றால்? புள்ளி வைக்காமலே சொல்ல முடிகிறதா பாருங்கள்: 37.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. நேர்ப்புள்ளியில் நடுவரிசை 7, இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று குறைத்து வையுங்கள். கூட்டினால் 25. இப்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு வேறு வேறு நிறம் வருகிற மாதிரி, மாற்றி மாற்றி இரண்டு வண்ணம் தீட்டுங்கள். ஒரு நிறத்தில் 16, மற்றதில் 9. தாளைச் சாய்த்துப் பார்த்தால் ஒன்று நான்குக்கு நான்கு சதுரம், இன்னொன்று மூன்றுக்கு மூன்று சதுரம், ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள், பார்க்க மட்டும் விடுங்கள்.

தீபாவளி, கார்த்திகை?

தீபாவளிக்கு ஒரே ஒரு வேலை: பட்டாசுக்கு எவ்வளவு ரூபாய் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டு, பட்டியலைப் பிள்ளை போடட்டும். 1,000 ரூபாய்க்குள் அடக்க வேண்டும், தம்பி தங்கைக்கும் பங்கு வேண்டும். கடை வாசலில் "80% தள்ளுபடி" என்று போர்டு இருக்குமே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அங்கே நிறுத்துங்கள். 500 ரூபாய் என்று அச்சடித்த பெட்டி 80 சதவீதம் போக 100 ரூபாய். எதிர்க் கடையில் தள்ளுபடியே இல்லாமல் அதே பெட்டி 95 ரூபாய் என்றால் எங்கே வாங்குவது? இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளையை எந்த விளம்பரமும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் "மூணு இருநூத்தம்பது, ஒண்ணு நூறு" என்று கூவும்போதும் இதேதான்.

அதிரசத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று உங்கள் வீட்டு அளவு இருந்தால், அரைக் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கலாம்.

கார்த்திகைக்கு 27 விளக்கு ஏற்றுகிற வீடுகளில் அகலை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசையில் ஒன்பது ஒன்பதாக நிற்கும். நான்கு வரிசை வைத்தால் மூன்று மிஞ்சும். 24 என்றால் எத்தனை விதமாக அடுக்கலாம்? 23 என்றால் ஏன் ஒரே நீள வரிசையைத் தவிர வேறு வழி இல்லை? காரணிகளும் பகா எண்ணும் இதுதான், எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

மழை விட்ட நாளில் எங்கே கூட்டிப்போகலாம்?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகள் ஓடலாம். காந்தி சிலையிலிருந்து ஒரு இடத்தைக் குறிவைத்து, எத்தனை எட்டு (காலடி) என்று எண்ணி, ஒரு எட்டின் நீளத்தை வீட்டில் ஸ்கேலால் அளந்து பெருக்கினால் தூரம் வரும். அப்பாவுக்கு எட்டு குறைவாகவும் பிள்ளைக்கு அதிகமாகவும் வருவது ஏன் என்று பேச்சு தானாக வரும். ஊரின் பழைய பகுதித் தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டுவதால் வழி சொல்லும் விளையாட்டுக்குத் தோதான இடம்: "இரண்டு தெரு நேராக, அப்புறம் இடது, மூன்றாவது முனையில் வலது", பிள்ளை முன்னால் நடக்க நீங்கள் பின்னால் போங்கள்.

1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் உண்டு, அதற்கு இன்றைக்கு எத்தனை வயது என்று வாசலிலேயே கேட்கலாம். ஊசுட்டேரிக்கு வெளியூர்ப் பறவைகள் வரத் தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான், நவம்பருக்கு மேல் போனால் நல்லது. பறவையை ஒன்று ஒன்றாக எண்ண முடியாது, ஒரு மூலையில் இருப்பதை எண்ணி, அந்த மாதிரி எத்தனை மூலை என்று பெருக்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச் இருக்கிறது, கிளிஞ்சல் பொறுக்கி ரகம் பிரிக்கலாம். கொஞ்சம் செலவு பரவாயில்லை என்றால் பிச்சாவரம். வீராணம் பக்கம் போனால் ஏரியின் முழு மட்டம் 47.5 அடி என்று சொல்லிவையுங்கள், பேப்பரில் வரும் அன்றைய மட்டத்தைக் கழித்து இன்னும் எவ்வளவு நிரம்ப வேண்டும் என்று தினமும் பார்க்கும் பிள்ளைக்குத் தசமக் கழித்தல் பழகிவிடும்.

நவம்பர் 1 புதுச்சேரியில் லீவு, 1954-ல் அன்றுதான் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. தமிழ்நாடு மொழிவாரி மாநிலமாக அமைந்ததும் ஒரு நவம்பர் 1, ஆனால் 1956. இரண்டு ஊரிலும் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பம் என்றால் எது எத்தனையாவது ஆண்டு என்று பிள்ளைகள் போட்டி போடட்டும், கடலூர்ப் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம் இருக்கும் என்பதால் ஏற்கெனவே கடுப்பில் இருக்கும்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல பயிற்சிகள் எவை?

முதலில் பாடப்புத்தகம். சிரிக்காதீர்கள், பாதி வீடுகளில் அதைப் பள்ளியில் தவிர வேறு எங்கும் திறப்பதில்லை. தமிழ்நாடு பாடப்புத்தகங்கள் முழுவதும் இணையத்தில் இலவசம், தமிழ் வழியும் ஆங்கில வழியும். உள்ளே இருக்கும் சதுரக் குறியீட்டை (க்யூ.ஆர். கோடு) அரசின் திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோவும் பயிற்சியும் வரும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டதால் அங்கே என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், அதுவும் இலவசமாக இறக்கலாம், படமும் விளையாட்டும் நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலம் தடுக்கிறது என்றால் அதே பாடத்தைத் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் தமிழில் நீங்கள் படித்துவிட்டுப் பிள்ளைக்குச் சொல்லலாம், 7×8 எல்லா போர்டிலும் 56 தான்.

தமிழ்நாடு அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல் இருக்கும். 2022-ல் தொடங்கிய திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருவார்கள். உங்கள் பிள்ளை கணக்கில் எந்த நிலை என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், மார்க்கைவிட அது அதிகம் சொல்லும்.

கதை பிடித்த பிள்ளைக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம். தமிழில் நிறையக் கதை, கணக்குக் கதைகளும் உண்டு. கையால் செய்வது பிடித்த பிள்ளைக்கு அரவிந்த் குப்தாவின் தளம்: தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் ட்யூபும் வைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் செய்யலாம். முக்கோணம் அழுத்தினாலும் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும், கூரைச் சட்டத்தில் ஏன் முக்கோணம் என்று அங்கே புரியும். கான் அகாடமி இலவசம், நல்ல வரிசையில் போகும், ஆனால் பிள்ளையைத் தனியாக விட்டால் வீடியோ மட்டும் பார்த்துக்கொண்டு பயிற்சியைத் தாண்டிவிடும், பக்கத்தில் இருங்கள்.

காசு கட்டிப் போடும் செயலிகளைப் பற்றிக் கேட்டால், சின்ன வகுப்புக்கு எனக்கு ஒன்றும் தேவையாகப் படவில்லை.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். புரிந்தால் போதும், மனப்பாடம் தேவையில்லை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எவ்வளவு மனப்பாடம் என்பதில்தான் பெற்றோர் பயமுறுத்துகிறார்கள். பத்தாம் வாய்ப்பாடு வரை 100 வரி. 3×7-ம் 7×3-ம் ஒன்றுதான் என்று தெரிந்தவுடன் அது 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் யாருக்கும் கஷ்டமில்லை, அவற்றையும் கழித்தால் மிஞ்சுவது வெறும் 21. இந்த இருபத்தொன்றைத் துண்டுத் தாளில் எழுதி நாளுக்கு ஒன்றாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், திறக்கும் ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும், தாத்தா உட்பட.

52-38 = 26 என்று எழுதுகிறாள். எத்தனை முறை சொன்னாலும் அதே தப்பு. ஏன்?

கவனக்குறைவு இல்லை. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 போடுகிறாள். "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று இன்னும் சத்தமாகச் சொன்னால் சரியாகாது. பத்து ரூபாய்த் தாள் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் கொடுத்து, "எனக்கு 38 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். கையில் சில்லறை போதாது, ஒரு பத்து ரூபாயை மாற்றினால்தான் கொடுக்க முடியும். மாற்றியதும் 4 பத்து, 12 ஒன்று. கொடுத்தது போக 14. இதைச் சில நாள் காசால் மட்டும் செய்துவிட்டு, அப்புறம் தாளுக்கு வாருங்கள்.

எனக்கே கணக்கு வராது. நான் எப்படிச் சொல்லித்தருவது?

முதல் வேலை, அதைப் பிள்ளை முன்னால் சொல்லாமல் இருப்பது. "எனக்கும் வராது, உனக்கும் வராது" என்று கேட்டு வளரும் பிள்ளை அதையே சாக்காகப் பிடித்துக்கொள்ளும். மற்றபடி நீங்கள் சொல்லித்தர வேண்டும் என்றே இல்லை, பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தரட்டும். நீங்கள் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். துறைமுகத்தில் மீனைக் கூறு போட்டு விற்கும் அக்காவிடம் பிள்ளையை விட்டு வாங்க வையுங்கள், தாளும் பேனாவும் இல்லாமல் அவர் போடும் கணக்கு வேகத்தைப் பார்க்கட்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த தாத்தா பாட்டி இருந்தால் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். 70-ஐ அவர்கள் 60-ம் 10-ம் என்பார்கள், 80 என்பது நான்கு இருபது, 97 என்பது நான்கு இருபதும் பதினேழும். எண்ணும்போதே கணக்கு போட வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

ட்யூஷன் அனுப்பலாமா?

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்னைக் கேட்டால் வேண்டாம். இரண்டு பேரும் வேலைக்குப் போய் இரவில்தான் வருகிறீர்கள் என்றால் வேறு வழியில்லை, அப்போது ஐம்பது பேர் உட்காரும் இடத்துக்குப் பதில் நான்கைந்து பிள்ளைகள் வரும் வீடாகப் பாருங்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு எப்போது உட்கார வைப்பது?

டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால் போதும், மழையால் தேர்வு தள்ளிப்போவதும் உண்டு என்பதால் முன்கூட்டியே பிழிந்து எடுத்துவிடாதீர்கள். காலாண்டு விடைத்தாளை எடுங்கள். தப்பான கணக்குகளை மட்டும், எண்ணை மாற்றி, நாளுக்கு மூன்று கொடுங்கள். சரியாகப் போட்டதைத் திரும்பப் போடச் சொன்னால் பிள்ளைக்குச் சலிப்பு, உங்களுக்கும் நேரம் வீண். மழைமானி நோட்டில் சேர்ந்திருக்கும் எண்களை வைத்துப் பட்டை வரைபடம் ஒன்று போடச் சொல்லுங்கள், தகவல் செயலாக்கம் பாடத்துக்கு அது போதும்.